தெருவுக்கு யார் பணம் தருவது?

கேள்வி: எங்கள் தெருவைச் செப்பனிட ‘நமக்கு நாமே’ திட்டத்தில் நாங்களும் பணம் போட வேண்டுமாம். வீட்டுவரி கட்டுகிறோமே, இது நியாயமா?
– ஒரு வாசகர், ஆரப்பாளையம்

பதில்: 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன், மதுரைக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முன்வந்தவர்களுக்கு அவ்விடத்தையே மனையாக வழங்கி, ஊரை விஸ்தரித்தார்; கொடுப்பதற்கு அப்படி நிலம் இல்லாத நம் காலத்திலோ, ஜனங்கள் மூன்றில் ஒரு பங்கேனும் செலுத்தினால் எஞ்சியதைச் சர்க்கார் தரும் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. பூங்காவுக்கும் நூலகத்துக்கும் அது உத்தமமான மார்க்கமே. ஆனால், மழை பெய்தால் சாக்கடை நீர் வாசற்படி ஏறும் தெருவில், அந்தப் பங்கைத் திரட்ட இயலாத தினக்கூலிக் குடும்பங்களே வசிக்குமாயின், வசதியுள்ள தெருவுக்கே மானியமும் போய்ச் சேரும் என்பதால், சாலையும் வடிகாலும் பொது வரியிலிருந்து அமைவதே தர்மம். வரியைத் தவறாமல் கட்டுங்கள். ஏரியா சபையில் அதற்குக் கணக்கும் தவறாமல் கேளுங்கள்.