கீரைத் தோட்டத்துத் தண்ணீர்: எட்டாம் வகுப்பில் ஒரு பாடம்

எட்டாம் வகுப்பு அறிவியலில் நுண்ணுயிரிகள் பாடம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரே சிக்கல்தான். பெயர்களைச் சொல்லி, படம் வரைந்து, பாகம் குறித்து முடித்துவிடலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று தண்ணீரில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் நம்ப வேண்டுமே! அதற்காக ஒரு சோதனை செய்தேன். சோதனை சரியாகவே வந்தது, தவறியது நான்தான். ஆசிரிய நண்பர்கள் யாரும் அதே தவறைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி திருவண்ணாமலை நகரத்தை ஒட்டிய ஓர் ஊராட்சியில் இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வோர் ஊரிலும் சில பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் பயிற்சி பெற்ற ஓர் அக்காவிடம் ஹைட்ரஜன் சல்பைடு குப்பிகள் மூன்று வாங்கினேன். மாஞ்சா, மௌரியா, ராவ் என்ற இந்திய அறிவியலாளர்கள் 1982இல் வெளியிட்ட எளிய முறை இது. குப்பிக்குள் ஊட்டப்பொருள் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு இருக்கும். குறியிட்ட அளவு தண்ணீர் ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். மலக் கலப்போடு வரும் பாக்டீரியாக்கள் இருந்தால் அவை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடும். காகிதத்தில் உள்ள இரும்போடு அது சேர்ந்ததும் தண்ணீர் கறுத்துவிடும்.

பள்ளி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், தெருக்குழாய்த் தண்ணீர் இரண்டையும் நானே எடுத்தேன். மூன்றாவதை ஒரு மாணவி ஆசையாகக் கொண்டுவந்தாள். அது அவள் அம்மா கீரை பயிரிடும் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர். குப்பிகளின் மேல் இடத்தின் பெயரை எழுதி மேசைமேல் வைத்தேன். மறுநாள் மதியம் இரண்டு குப்பிகள் தெளிவாக இருந்தன. மூன்றாவது மை ஊற்றியதுபோல் இருந்தது. "ஐய, இந்தத் தண்ணியிலயா கீரை விளையுது!" என்று ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

திறந்த கிணறு, குளம், ஓடை எதில் எடுத்தாலும் பெரும்பாலும் குப்பி கறுக்கும். பறவை, ஆடு, மாடு, மழையில் அடித்து வரும் மண் எல்லாம் காரணமாகலாம். இதைச் சோதனைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். குப்பியில் பெயருக்குப் பதிலாக எண் மட்டும் போட்டிருக்க வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை. (கறுத்த குப்பியைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் போட்டு வைத்திருந்து, பிறகு நாமே அப்புறப்படுத்த வேண்டும்.)

சனிக்கிழமை காலை தோட்டத்துக்குப் போனேன். குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, ஓரத்தில் கொஞ்சம் கொத்தமல்லி, புதினா. மாணவியின் அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் விடியும் முன்பே வந்து பறிக்கிறார்கள். பௌர்ணமிக்கு முதல் நாள் என்றால் வேலை இரட்டிப்பாகிவிடுமாம். "வாங்க டீச்சர், கீரை எடுத்துட்டுப் போங்க" என்றுதான் வரவேற்றார். குப்பியைப் பற்றி நானாகப் பேச்செடுத்தேன். "பாப்பா சொல்லுச்சு. இனிமே யாரும் வாங்க மாட்டாங்களாம்மான்னு ராத்திரி முழுக்க அழுதா" என்றார்.

ஒரு மணி நேரம் அங்கே நின்று பார்த்தேன். மண்ணும் வேருமாகப் பிடுங்கிய கீரையைக் கட்டாகக் கட்டி, ஒரே தொட்டித் தண்ணீரில் ஒவ்வொன்றாக முக்கி எடுக்கிறார்கள். முப்பது கட்டு ஆவதற்குள் தண்ணீர் மண்நிறமாகிவிடுகிறது. பிறகு வாடாமல் இருக்கச் சாக்கை நனைத்து மூடுகிறார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்டேன். சிரித்தார்கள். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குத்தான் போக வேண்டும். "அதனாலயே காலையில தண்ணி குடிக்கிறதில்ல டீச்சர்" என்றார் ஒருவர். பறித்த கையைக் கழுவச் சோப்பு இல்லை. நால்வரும் ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றார்கள். கொக்கிப்புழுவின் இளம்புழு காலின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும் என்று அதே வகுப்பில் நடத்திவிட்டு வந்தவள் நான். அந்தத் தண்ணீரால் முதலில் பாதிக்கப்படக் கூடியவர், கீரையை வாங்கிச் சாப்பிடுபவர் அல்லர், அந்த மண்ணில் நிற்கும் அம்மாதான். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறோம். மாத்திரை புழுவைக் கொல்லும், மண்ணை மாற்றாது.

திங்கட்கிழமை பாடத்தைத் திருப்பிப் போட்டேன். கரும்பலகையில் விதையிலிருந்து தட்டு வரை கீரை போகும் பாதையை வரைந்து, தண்ணீரும் கையும் இலையைத் தொடும் இடங்களைக் குறிக்கச் சொன்னேன். எங்களுக்குப் பதினொன்று கிடைத்தன. அவற்றில் நான்கு நம் வீட்டுச் சமையலறையில்தான்! கழுவாத கீரையை நறுக்கிய அரிவாள்மணையிலேயே வெங்காயமும் நறுக்குகிறோம்.

அடுத்து ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2006இல் பாசனத்தில் கழிவுநீர் பயன்பாடு குறித்து வழிகாட்டி வெளியிட்டது. அதில் கிருமிக் குறைவு மடக்கை அளவில் சொல்லப்படுகிறது. ஒரு மடக்கை அலகு என்றால் பத்தில் ஒரு பங்காகக் குறைவது. கடைசியாகத் தண்ணீர் விட்டபின் வெயிலிலும் காற்றிலும் நாளொன்றுக்கு அரை முதல் இரண்டு அலகு குறையும். நல்ல தண்ணீரில் கழுவினால் ஓர் அலகு. சமைத்தால் ஆறு முதல் ஏழு. 10,00,000 என்று தொடங்கிப் பிள்ளைகள் பூச்சியத்தை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்கள். "அப்போ கீரைக் கடையல் சாப்பிடலாம் டீச்சர், மல்லித்தழையத்தான் கவனிக்கணும்" என்றான் அன்று கத்திய அதே பையன். சரியாகப் பிடித்துவிட்டான். சாம்பாரை இறக்கியபின் தூவும் மல்லி, அரைத்தபடியே பரிமாறும் புதினாச் சட்டினி, இவை கொதிப்பதே இல்லை. (புழு முட்டைக்கு இந்த நாள் கணக்கு பொருந்தாது. அது மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும்.)

இது ஏழை விவசாயியின் குறை அன்று என்பதையும் சொன்னேன். 2018இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் யூமா பகுதியில் விளைந்த லெட்யூஸ் கீரையால் 210 பேர் நோயுற்றனர், 5 பேர் இறந்தனர். நோய் உண்டாக்கிய அதே ஈ. கோலை வகை அங்குள்ள பாசனக் கால்வாய்த் தண்ணீரில் கண்டறியப்பட்டது. பெரிய பண்ணைகளும் இயந்திரங்களும் உள்ள இடம் அது. அவர்கள் அந்தக் கீரையைப் பச்சையாக உண்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

தொட்டி விஷயத்தைக் காட்ட மஞ்சள்தூள் போதும். பத்துக் கீரைக் கட்டில் ஒன்றில் மட்டும் தூவி, அதை முதலில் வாளியில் முக்கி, பிறகு மற்றவற்றை முக்கினோம். சுண்ணாம்புத் தெளிநீரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒவ்வொரு கட்டையும் ஒற்றியெடுத்தோம். பத்துத் துணியிலும் சிவப்புப் பட்டது. அமிலம், காரம் பாடமும் அங்கேயே முடிந்தது.

இவற்றை எல்லாம் தோட்டத்தில் சொன்னால் நடக்குமா? பறிப்பதற்கு இரண்டு நாள் முன்பே தண்ணீரை நிறுத்தலாமே என்றேன். "வாடின கீரைய யாரு டீச்சர் வாங்குவாங்க?" என்றார் அந்த அம்மா. கோடையில் அது முடியாது, அவர் சொல்வதே சரி. பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். கடைசி இரண்டு நாளும் மேலிருந்து தெளிப்பதில்லை, வாய்க்காலில் வேருக்கு மட்டும் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரில் வேரை மட்டும் அலசுவது, இலையை முக்குவதில்லை. சாக்கை நனைக்கக் குழாய்த் தண்ணீர் இரண்டு குடம். கைகழுவ ஒரு சோப்பு. செருப்பு மட்டும் நடக்கவில்லை. சேற்றில் வழுக்குகிறதாம்.

கழிப்பறை எங்கள் கையில் இல்லை. தோட்டங்களுக்குப் பக்கத்தில் ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் மனு எழுதினார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் பெற்றோர் அதைக் கொடுத்தார்கள். மனு பதிவாகியிருக்கிறது, கட்டடம் இன்னும் வரவில்லை.

மழைக்குப் பிறகு இன்னொரு குப்பி மீதம் இருக்கிறதா என்று அந்த மாணவி கேட்டு வாங்கிப் போனாள். மறுநாள் காலைக் கூட்டத்துக்கு முன்பே என்னிடம் வந்து குப்பியை நீட்டினாள்.

"இன்னும் கறுப்புதான் டீச்சர். ஓடைத் தண்ணி கிணத்துல எறங்குற எடத்தை நானும் அம்மாவும் கண்டுபிடிச்சுட்டோம்."