சமரசம் பேசவும் படிக்க வேண்டும்: குடும்ப ஆலோசகர் பயிற்சி, ஒரு வழிகாட்டி





கணவன் மனைவிக்கிடையே பிளவு வந்துவிடுமோ என்று அஞ்சினால், இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொருவர் நடுவராக அமர வேண்டும் என்பது சூரா அந்நிஸாவின் 35ஆம் வசனம் காட்டும் வழி. நம் ஜமாஅத்துகளில் இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால், அப்படி அமர்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை நாம் பேசுவதே இல்லை.

ஒரு காட்சி

திருமணமாகி மூன்று வருடமான ஒரு சகோதரி பள்ளிவாசல் அலுவலகத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஏழெட்டு ஆண்கள். பக்கத்தில் கணவரும் மாமியாரும். "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்கிறார்கள். "ஒண்ணுமில்லை" என்கிறார். "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பதிவேட்டில் "சமரசம் ஆனது" என்று எழுதியாகிவிட்டது. வீட்டில் அடி விழுவது யாருக்கும் தெரியவில்லை.

அங்கே இருந்தவர்கள் நல்ல எண்ணம் கொண்டவர்களே. ஆனால், பயிற்சி பெற்ற ஒருவர் இருந்திருந்தால் மூன்று விஷயங்கள் மாறியிருக்கும்.

1. இருவரிடமும் தனித்தனியாகப் பேசியிருப்பார். சகோதரியிடம் ஒரு பெண் ஆலோசகர் பேசியிருப்பார்.

2. அடி, மிரட்டல், தற்கொலை எண்ணம் உண்டா என்று முதலிலேயே விசாரித்திருப்பார். வன்முறை இருக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவது ஆபத்து. அங்கே முதலில் பாதுகாப்பு; சமரசமெல்லாம் பிறகுதான்.

3. கேட்டதை அமானிதமாகக் காத்திருப்பார். உயிருக்கு ஆபத்து என்றால் உரியவரிடம் சொல்லலாம்.

குடும்ப சிகிச்சை என்றால் என்ன?

"தவறு யார்மேல்?" என்று தேடுவது நம் பழக்கம். குடும்ப சிகிச்சையாளர், இந்த வீட்டில் ஒருவர் செய்வது மற்றவரை எப்படித் தூண்டுகிறது என்று பார்க்கிறார். கடன், வேலையின்மை, கணவரின் வெளிநாட்டு வாழ்க்கை, பெரியவர்களின் தலையீடு எல்லாம் அதில் சேரும். குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் இந்த முறை நமக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி. மனநல மையம் 1957இல் தொடங்கியபோதே நோயாளியுடன் உறவினர் ஒருவரும் தங்கும் முறையைக் கொண்டுவந்தது.

எங்கே படிக்கலாம்?

அமெரிக்காவில் "திருமண, குடும்ப சிகிச்சையாளர்" என்பதற்குத் தனி உரிமம் உண்டு. இந்தியாவில் அப்படி இல்லை. உளவியல் அல்லது சமூகப்பணி படித்துவிட்டுத்தான் இத்துறைக்கு வர முடியும்.

• சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகமும், எழும்பூரில் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கும் ஆலோசனை உளவியலில் முதுகலைப் படிப்பு நடத்துபவை. கதீட்ரல் சாலை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் சமூகப்பணித் துறை இருக்கிறது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரலாம்.

• "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" ஆக, இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) அங்கீகரித்த படிப்பை முடித்து, அங்கே பதிவும் செய்ய வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் இதில் முன்னணி நிறுவனம்.

• பட்டம் படிக்க நேரமில்லாதவர்களுக்கு: ராஜா அண்ணாமலைபுரத்தில் 1986 முதல் இயங்கும் "சிநேகா" தற்கொலைத் தடுப்பு அமைப்பு, தன் தொண்டர்களுக்குக் காதுகொடுத்துக் கேட்கும் பயிற்சி தருகிறது. இது சிகிச்சையாளர் பட்டம் ஆகாது; ஆனால் நல்ல தொடக்கம்.

எச்சரிக்கை: உளவியல் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்துவதை நிறுத்தும்படி 2025இல் யு.ஜி.சி. உத்தரவிட்டது. "வீட்டிலிருந்தே ஆலோசகர் ஆகலாம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எங்கே சேர்ந்தாலும், அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் நேரடிப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள்.

எல்லை அறிவோம்

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்திலேயே ஆலோசகர்களுக்கு இடம் உண்டு. தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, பெண் குடும்ப நீதிமன்றத்தை அணுகலாம் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆகவே, தீர்ப்புச் சொல்வதும் சான்றிதழ் கொடுப்பதும் ஆலோசகரின் வேலை அல்ல. இருவரும் தெளிவாக யோசிக்க உதவுவதே அவர் வேலை.

ஒவ்வொரு ஜமாஅத்தும் இந்த ஆண்டு இருவரையாவது, அதில் ஒரு பெண்ணையாவது, படிக்க அனுப்பட்டும். நிக்காஹ் பதிவேட்டுக்குக் காட்டும் கவனத்தில் பாதியை அந்த நிக்காஹ் நிலைப்பதற்கும் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.

கலந்துரையாட:

1. நம் பள்ளிவாசலில் ஒரு பெண் தனியாகப் பேச இடம் இருக்கிறதா?
2. இதுவரை பேசி முடித்த குடும்பங்களை ஆறு மாதம் கழித்து விசாரித்தோமா?
3. நம் பகுதியில் உளவியல், சமூகப்பணி படித்த சகோதரிகள் யார் யார்?

அவசர உதவிக்கு: பெண்கள் உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.