பாடாலூரும் புள்ளிவிவரங்களும்: மாவட்ட எல்லை மாற்றம் சமூக ஆய்வாளருக்கு விடுக்கும் வினாக்கள்

முன்னுரை

ஓர் ஊரின் வாழ்வியலை ஆராய்பவர் நாட்டார் வழக்காற்றியலாராயினும் சமூகவியலாராயினும், மக்கள்தொகை, தொழில், எழுத்தறிவு ஆகியவற்றை அறியப் புள்ளிவிவரங்களை நாட வேண்டியுள்ளது. அவற்றுள் பெரும்பகுதி இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எனினும், கிடைக்கும் எண் ஆய்வாளர் கருதும் நிலப்பரப்பையே குறிக்கிறதா என்பது தனித்து ஆராயத்தக்கது. பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், திருச்சிராப்பள்ளி - சென்னை நெடுஞ்சாலையில் அமைந்த பாடாலூரை முன்னிறுத்தி இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

பெயர் ஒன்று, எல்லை வேறு

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பெற்று, 2007இல் மறுபடியும் பிரிக்கப்பெற்றது. ஆகவே 'பெரம்பலூர் மாவட்டம்' என்னும் பெயர் ஆண்டுக்கேற்ப வெவ்வேறு நிலப்பரப்பைச் சுட்டுகிறது.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 4,93,646 பேரும் அரியலூரில் 6,95,524 பேரும் வாழ்ந்தனர். இரண்டின் கூட்டுத்தொகை 11,89,170. 2011இல் பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223. இணைந்த மாவட்டத்தின் தொகையை இதனுடன் ஒப்பிட்டால், பத்தாண்டுகளில் மக்கள்தொகை 52 விழுக்காடு குறைந்ததாகத் தோன்றும். உண்மையில் அது 14.5 விழுக்காடு உயர்ந்துள்ளது. மக்கள்தொகையில் இப்பிழை எளிதில் புலப்படும். பயிர்ப்பரப்பு, பள்ளிகளின் எண்ணிக்கை முதலியவற்றில் அது புலப்படாமல் ஆய்வு முடிவாகவே நிலைத்துவிடக்கூடும்.

வட்ட அளவிலும் இச்சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பு அட்டவணைகளில் பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம் ஆகிய மூன்று வட்டங்களே உள்ளன. ஆலத்தூர் வட்டம் பின்னர் அமைந்தது.

ஊர்நிலைத் தரவுகள்

இதற்குத் தீர்வு, ஊரை அடிப்படை அலகாகக் கொள்வதாகும். மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு ஊர்தோறும் மக்கள்தொகை, எழுத்தறிவு, தொழிலாளர் வகை, அடிப்படை வசதிகள் ஆகியவற்றைத் தருகிறது. 2011இல் ஒவ்வோர் ஊருக்கும் ஆறிலக்கக் குறியீடு வழங்கப்பெற்றுள்ளது. ஊர்களின் எண்களைக் கூட்டி, வேண்டிய எல்லையை ஆய்வாளரே அமைத்துக்கொள்ளலாம். கணக்கெடுப்பு சுட்டும் ஊர் வருவாய்க் கிராமமாகும். அது ஊராட்சியின் எல்லையோடு பொருந்துகிறதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

மாதிரி ஆய்வுகளின் பயன் வேறு. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும், 2015-16 முதல் மாவட்ட அளவில் மதிப்பீடுகள் தரும் தேசியக் குடும்பநல ஆய்வும் பெரும்பரப்பின் போக்கை உணர்த்துவன. மாவட்ட விழுக்காட்டைப் பாடாலூரின் விழுக்காடாகக் கொள்ளுதல் பொருந்தாது. 2021 கணக்கெடுப்பு தள்ளிவைக்கப்பெற்று 2027க்கு அறிவிக்கப்பட்டுள்ளது. எனவே ஊர்நிலையில் 2011 எண்களுக்குப் பிந்தைய மாற்றங்களைக் களப்பணியே காட்ட இயலும்.

பல்கலைக்கழகங்களின் பங்கு

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு இருவேல்பட்டு உள்ளிட்ட சிற்றூர்களை ஆராய்ந்தார். அத்தரவுகள் 1918இல் நூலாக வெளிவந்தமையால், 1930களில் அவ்வூர்களை மீளாய்வு செய்ய முடிந்தது. மாணவர் திரட்டிய தரவும் பேணப்பெற்றால் பிற்கால ஆய்வுக்கு அடித்தளமாகும் என்பதற்கு இது சான்று.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967இல் சமூக அறிவியல் தரவுக் காப்பகம் நிறுவப்பெற்றது. இந்தியாவில் இந்தியச் சமூக அறிவியல் ஆய்வு மன்றம் தரவுச் சேவை ஒன்றை நடத்துகிறது. இவற்றைப் பயன்படுத்தவும் எல்லை மாற்றங்களைச் சரிபார்க்கவும் வழிகாட்டும் பயிற்சிபெற்ற நூலகர் ஒருவர் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தேவை. ஆய்வேடு அளிக்கப்பெறும்போது, தகவலாளிகளின் அடையாளங்களை நீக்கிய களத்தரவு, வினாநிரல், ஊர்க் குறியீடு, தரவு திரட்டிய நாள் ஆகியனவும் நூலகத்தில் சேர்க்கப்பெற வேண்டும்.

முடிவுரை

மாவட்டப் பெயரை மட்டும் நம்பி எண்களை ஒப்பிடுதல் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பது பெரம்பலூர் - அரியலூர் சான்றால் பெறப்படுகிறது. எண்ணோடு அதன் ஆண்டு, எல்லை, அலகு ஆகிய மூன்றையும் ஆய்வேட்டில் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வாறு பதிவுசெய்யின், பாடாலூரைப் பின்னர் ஆராய்வோர் இன்றைய தரவோடு தம் தரவை ஐயமின்றி ஒப்பிட இயலும்.