யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன்

மானாவாரியில் மல்லாட்டையும் (நிலக்கடலை) எள்ளும் போட வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு:

1. நெல்லுக்கு யூரியா இறைத்துப் பழகிய கை மல்லாட்டைக் கொல்லையில் அடங்க வேண்டும். மானாவாரி மல்லாட்டைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 10 கிலோதான். ஏக்கருக்கு 9 கிலோ யூரியாவுக்குள் அடங்கிவிடும். மூட்டையோ 45 கிலோ. பிரித்தாயிற்றே என்று மீதியையும் இறைத்துவிடாதீர்கள்.

2. இவ்வளவு குறைவாகச் சொல்வதற்குக் காரணம் வேரில் இருக்கிறது. விதைத்து ஒரு மாதம் போனதும் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலிருக்கும் தழைச்சத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. பச்சையோ சாம்பலோ என்றால் வேலை நின்றுவிட்டது. யூரியா மிஞ்சினாலும் முடிச்சு குறையும், மண் காய்ந்தாலும் ஓயும். வறட்சியில் இலை வெளுத்தால் யூரியாவைத் தேடி ஓடாதீர்கள். ஈரமில்லாத மண்ணில் அது வேருக்குப் போய்ச் சேராது. பனி ஈரத்தில் கரைந்து ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

3. எல்லா வறட்சியும் ஒன்றல்ல. விதைத்து 20 நாளுக்கு மேல், பூ மும்முரமாகும் முன்பு வரும் மிதமான காய்ச்சலுக்குப் பதறாதீர்கள். படான்செருவில் இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வுகளில், அந்தக் காய்ச்சலுக்குப் பின் தண்ணீர் கிடைத்த மல்லாட்டை விளைச்சல் கூடியே வந்திருக்கிறது. பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கும்போதும் காய் திரளும்போதும் வரும் வறட்சிதான் குடும்பத்தை அடிப்பது. மண் இறுகினால் விழுது நுழையாது. நுழைந்தாலும், காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து வேர் வழியாக வருவதில்லை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து காயே உறிஞ்சுகிறது. அங்கே ஈரம் இல்லாவிட்டால் பொக்குக் காய்தான். அதனால் சுண்ணாம்புச் சத்து தரும் ஜிப்சத்தை நாள் கணக்கை மட்டும் பார்த்துப் போடாதீர்கள். 40 நாளுக்கு மேல் மழை ஈரம் கிடைத்த அன்று போட்டு மண் அணையுங்கள். யூரியாவுக்கு ஒதுக்கிய பணம் மிச்சமிருந்தால் இதற்குத்தான் போக வேண்டும்.

4. எள்ளுக்கு முடிச்சு கிடையாது, நாம்தான் கொடுக்க வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 20 கிலோ யூரியா போதும். அதற்கு மேல் போனால் இலை பெருக்கும். பெருத்த இலை மண்ணின் ஈரத்தைச் சீக்கிரமே குடித்துத் தீர்க்கும். காய் முற்றும் நேரத்தில் செடிக்கு ஒன்றும் இருக்காது. தழைச்சத்து ஏற ஏற விதையில் புரதம் கூடி எண்ணெய் விழுக்காடும் இறங்கும்.

5. தொழு உரம் ஹெக்டேருக்கு 12.5 டன், கடைசி உழவில். சத்துக்காக மட்டுமல்ல, மண் ஈரம் பிடிப்பதற்காக.

6. அறுவடைக்கு முந்தைய வாரங்கள் காய்ந்துபோனால் மல்லாட்டைக் காயில் பூஞ்சை ஏறி அஃப்ளடாக்சின் நஞ்சு சேரும். முற்றிய காயை மண்ணிலேயே விட்டுவைக்காமல் பிடுங்கி, கலகலவென்று சத்தம் வரும்வரை உலர்த்துங்கள். சுருங்கிய, பூஞ்சை பிடித்த பருப்பைச் செக்குக்கு அனுப்பாதீர்கள். அந்த நஞ்சு புண்ணாக்கில் தங்கி, மாட்டுக்குப் போய், பாலில் இறங்கி, வீட்டுப் பிள்ளைக்கே வந்து சேரும்.