அத்தோ வண்டி போடப் போகிறீர்களா?

1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகண்ணியெல்லாம் அரசுடைமையாயின. வெறுங்கையோடு கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கிய தமிழர்கள், அந்தக் கையாலேயே பிசைந்து விற்ற பர்மா நூடுல்ஸ் பண்டம் அத்தோ. பர்மாச் சமையலில் எதை விட்டார்கள், எதை விடவில்லை என்று பார்த்தாலே தொழில் பாதி பிடிபட்டுவிடும்.

முதலில் இடம். பாரிமுனை செகண்ட் லைன் பீச்சில் பழைய கைகளோடு மோத வேண்டாம். திருவொற்றியூர், எண்ணூர் கம்பெனி கேட் பக்கம் ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரு வாரம் சும்மா நின்று பாருங்கள். இரண்டும் மாநகராட்சியின் முதல் மண்டலம். தெருவோர வியாபாரி அடையாள அட்டைக்கு அந்த மண்டல அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் தேவை.

அடுத்து சூப். அதன் பெயர் மொய்ங்கா; பர்மாவில் மொய்ங்கா என்றால் மீன் சூப். இங்கே வண்டிகளில் பெரும்பாலும் வாழைத்தண்டும் கடலைமாவும்தான். புத்திசாலித்தனம் என்பேன்: வெள்ளிக்கிழமைக்காரரும் மாலை போட்டவரும் தாண்டிப் போகமாட்டார்கள். மற்றவர்களுக்கு மசாலா முட்டை இருக்கவே இருக்கிறது. காசிமேட்டில் போடுவதானால் மீனையே திரும்பக் கொண்டுவரலாம், யார் கண்டது!

இனி அத்தோ. தடித்த நூடுல்ஸை வேகவைத்து, வடித்து, பச்சைத்தண்ணீரில் அலசுங்கள். ஒரு பிளேட்டுக்கு மட்டும் கிண்ணத்தில் எடுத்து, முதலில் பூண்டு பொரித்த எண்ணெய், இல்லாவிட்டால் கட்டிக்கொள்ளும். பிறகு மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த கடலைமாவு, இடித்த மிளகாய், உப்பு, புளித்தண்ணீர். புளியை ஊற்றுமுன் "காரம் தூக்கலா, புளி கம்மியா?" என்று கேளுங்கள். புது ருசிக்கு வாடிக்கையாளரை இழுப்பது இந்தக் கேள்விதான். அவர் சொன்னபடி பிசைந்ததை அவரால் குறை சொல்ல முடியாது. கையுறை போட்டுக்கொண்டு கையாலேயே பிசையுங்கள். கரண்டியால் கிளறினால் மாவு ஓரிடத்திலும் புளி ஓரிடத்திலும் நிற்கும். எலுமிச்சையும் மல்லித்தழையும் கடைசியில்.

மேலே தூவும் பொரித்த மொறுமொறு பேஜோவைக் கொடுக்கும்போதுதான் நொறுக்கிப் போட வேண்டும். எண்ணூர்க் கடல் காற்றில் அது சீக்கிரம் நமத்துப்போகும். இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், பெரிய டப்பா ஒன்றல்ல, சின்னதாக நான்கு.