வானில் ஐம்பது நிமிடம்

ஐதராபாத்தில் பயிலும் நம்முள் சித்தூர், திருப்பதிப் பக்கத்தார் சிலர் உண்டு. ஊருக்கு விமானத்தில் சென்றால் எவ்வளவு தொலைவு, எவ்வளவு நேரம் என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்ள எளிய வழி ஒன்று சொல்கிறேன். அந்தக் கணக்கில் நான் இடறிய இடத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் தொலைவு. ஐதராபாத்தின் சம்ஷாபாத் விமான நிலையம் வடக்கு 17.23 பாகை, கிழக்கு 78.43 பாகையில் உள்ளது. ரேணிகுண்டாவில் அமைந்த திருப்பதி நிலையம் வடக்கு 13.63, கிழக்கு 79.54. அட்சரேகை வேறுபாடு 3.60 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ.; ஆகவே தெற்கு நோக்கி 400 கி.மீ.

தீர்க்கரேகை வேறுபாடு 1.11 பாகை. இங்கேதான் பலர் தவறுவர். தீர்க்கரேகைகள் துருவத்தை நெருங்க நெருங்கக் குறுகி வருவன. எனவே 111-ஐ நடு அட்சரேகையான 15.4 பாகையின் கோசைனால் (0.964) பெருக்க வேண்டும். பாகைக்கு 107 கி.மீ. வரும், கிழக்கு நோக்கி 119 கி.மீ.

இனிப் பிதாகரஸ் தேற்றம். 400, 119 இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 417 கி.மீ. இக்குறுந்தொலைவுக்குப் பூமியைத் தட்டையாகக் கொண்டால் குற்றமில்லை. சென்னையிலிருந்து இலண்டன் போன்ற நெடுந்தொலைவுக்குக் கோளத்தின் பெருவட்டக் கணக்கே வேண்டும்.

அடுத்து நேரம். இத்தடத்தில் பறக்கும் சிறு விசிறி விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. செல்லும். 417-ஐ 500-ஆல் வகுத்தால் ஐம்பது நிமிடம்.

நிற்க. என் பாட்டிக்குச் சித்தூர் மருத்துவமனையில் காலை 11 மணிக்கு அறுவை சிகிச்சை என்று செய்தி வந்தது. எட்டரை மணி விமானத்துக்குச் சீட்டு எடுத்தேன். இறங்கும் நேரம் 9.45 என்று சீட்டிலேயே இருந்தது. நானோ என் கணக்கை நம்பினேன். 9.20-க்கு ரேணிகுண்டா, அங்கிருந்து சித்தூர் ஏறத்தாழ 80 கி.மீ., ஒன்றரை மணி. "உள்ளே அழைத்துப் போகுமுன் வந்துவிடுவேன்" என்று பாட்டிக்கு வாக்குக் கொடுத்தேன்.

விமானம் ஓடுதளம் சேரவும், மேலே ஏறவும், சுற்றி இறங்கவும் ஆகும் நேரத்தை நான் சேர்க்கவில்லை. பெட்டிக்குக் காத்தது, திருப்பதிப் பேருந்து நிலையத்தில் நின்றது, வழியெல்லாம் பேருந்து நின்று நின்று சென்றது, எதுவும் என் தாளில் இல்லை. சித்தூர் சேர்ந்தபோது மணி 12.45. பாட்டி உள்ளே சென்று வெகுநேரமாகியிருந்தது. கடைசி வரை வாசலையே பார்த்திருந்தார்களாம்.

நல்லவேளையாகப் பாட்டி பிழைத்தார். நான் தலைகுனிந்து கணக்கை விளக்கினேன். "உன் கணக்கு சரிதான் கண்ணு, ஆனா நான் இருக்கறது ரேணிகுண்டாவுல இல்லையே!" என்றார்.

விடுதியை விட்டு அன்று ஐந்தரைக்குப் புறப்பட்டேன். மொத்தம் 435 நிமிடம். அதில் நான் அத்தனை கவனமாகக் கணக்கிட்ட ஐம்பது நிமிடம் ஒன்பதில் ஒரு பங்குதான். ஆதலால் நண்பர்களே, விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரை கணக்கிடுங்கள். பிறகு வாசற்படியிலிருந்து வாசற்படி வரை கணக்கிடுங்கள். வீட்டில் காத்திருப்போருக்கு இரண்டாவது விடையையே சொல்லுங்கள்.