தீபத் திருநாளும் அருகநெறியும்



விழா என்பது உண்டு களிப்பதற்கு மட்டும் அமைந்த நாள் அன்று. நம் முன்னோர் அதனைப் 'பருவம்' என்றனர். வினைகளின் வரவைத் தடுத்து, நோன்பாலும் தியானத்தாலும் உயிரைத் தூய்மை செய்துகொள்ளும் காலம் என்பதே அதன் கருத்து. ஆஷாட, கார்த்திக, பால்குன மாதங்களில் வரும் எட்டு நாள் நந்தீசுவரப் பருவமும், பாத்ரபத மாதத்தின் பத்து நாள் தசலக்ஷணப் பருவமும் இத்தகையனவே. அட்சய திருதியையும் அவ்வாறே. நெடுநாள் உண்ணாதிருந்த ஆதிபகவனுக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கருப்பஞ்சாறு அளித்த நாள் அது. கரும்பு விளையும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தார்க்கு இவ்வரலாறு இனிது விளங்கும்.

விழாக்கள் மலிந்த மாவட்டம் இது. மேற்கே கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் கரியராமரை வழிபடுகின்றனர். கூவாகத்தில் சித்திரைத் திங்களில் கூத்தாண்டவர் திருவிழா நிகழ்கிறது. அரவானின் களப்பலியை நினைந்து திருநங்கையர் தாலி அறுத்து அழுகின்றனர். உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டையிலோ, குன்றின் பாறையில் செதுக்கப்பட்ட பார்சுவநாதர் அப்பாண்டைநாதர் என்னும் பெயருடன் நின்ற கோலத்தில் காட்சி தருகிறார். சோழர் காலக் கல்வெட்டுகள் இப்பள்ளிக்கு அளிக்கப்பட்ட கொடைகளைக் கூறுகின்றன. சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடரின் ஆசிரியர் குணபத்திரர் இவ்வூரோடு தொடர்புடையவர்.

இவ்வாறு பல நெறியினரும் அடுத்தடுத்து வாழும் இடத்தில், எல்லாரும் ஒருசேரக் கொண்டாடும் நாள் தீபாவளி. அண்டை வீட்டார் நரகாசுரன் கதையை நினைந்து விடியுமுன் எண்ணெய் நீராடுவர். நமக்கோ அது வீர நிர்வாண நாள். சதுர்த்தசி இரவு கழிந்து அமாவாசை விடியும் வேளையில், பாவாபுரியில் மகாவீரர் வீடுபேறு எய்தினார். மரபுவழிக் கணக்கின்படி அது கி.மு. 527ஆம் ஆண்டு. அன்றே அவருடைய முதற் கணதரர் கௌதமர் கேவல ஞானம் பெற்றார். ஞான விளக்கு மறைந்ததால் புறவிளக்கேனும் ஏற்றுவோம் என்று மன்னரும் மக்களும் தீபம் ஏற்றினர் என்பது மரபு. கி.பி. 783இல் ஜினசேனர் இயற்றிய அரிவம்ச புராணம் இதனைத் தீபாலிகா எனக் குறிக்கிறது.

இங்கே நம் இல்லங்களில் எழும் ஓர் ஐயத்தை ஆராய்வோம். "ஊரே வெடி வெடிக்கிறது, நம் பிள்ளைகள் மட்டும் ஏங்கி நிற்பதா?" என்று தாய்மார் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. குழந்தையின் ஏக்கத்தைக் கடிந்து அடக்கினால் அறத்தின்மீதே வெறுப்புத் தோன்றும். ஆனால் ஐப்பசி மழைக்காலத்தில் ஈசலும் விட்டிலும் ஒளி நாடி வருகின்றன. தீப்பொறியிலும் புகையிலும் மடிவன எத்தனை உயிர்கள்! கொல்லாமையைப் போதித்த பெருமான் வீடுபெற்ற நாளில் கொலைக்கு இடந்தருதல் பொருந்துமா?

வெடி மட்டுமா? காப்பின்றித் திறந்து வைத்த அகல்விளக்கும் விட்டிலைக் கொல்லும். ஆகவே பிறரைக் குறைகூறுமுன் நம் விளக்கை நாம் நோக்கவேண்டும். விடியலில் ஆலயத்தில் ஏற்றுவதும், இரவில் ஏற்றினால் கண்ணாடிக் கூண்டுக்குள் வைப்பதும் நன்று. பிள்ளைகளுக்கு வெறும் தடை சொல்லாமல், விடியலில் எழுப்பி, நீராட்டி, புத்தாடை உடுத்தி, நிர்வாண பூசைக்கு அழைத்துச் செல்லுங்கள். கௌதமரின் கதையைக் கூறுங்கள். பலகாரத்தை அவர்கள் கையாலேயே அண்டை வீட்டார்க்கு வழங்கச் செய்யுங்கள். விழாவின் மகிழ்ச்சி குறையாது. அதன் பொருளும் விளங்கும்.

சிந்தனைக்கு:

1. பருவம் என்பதற்கும் கேளிக்கை நாளுக்கும் வேறுபாடு யாது?
2. தீபாவளி வீர நிர்வாண நாளாவது எங்ஙனம்?
3. வரும் தீபாவளியில் உம் இல்லத்தில் எவ்வுயிரின் துன்பத்தைக் குறைக்க இயலும்?

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!